பில்லில் ஏறாத நேரம்

2002இல் வந்த 'ரமணா' படத்தில், இறந்துபோனவரின் உடலை உள்ளே கொண்டுபோய் வைத்துக்கொண்டு, உயிரோடு இருப்பதாகச் சொல்லிச் சிகிச்சைக்குப் பணம் வாங்கும் தனியார் மருத்துவமனை ஒன்று வரும். இருபதாண்டு கடந்தும் அந்தக் காட்சியை மக்கள் மறக்கவில்லை. ஐ.சி.யூ. வாசலில் காத்துக்கிடக்கும் சொந்தக்காரர்களில் ஒருவராவது "ரமணா படத்துல வர்ற மாதிரி" என்று பேச்சைத் தொடங்குவார். 2017இல் வந்த 'மெர்சல்' அந்தக் கோபத்தோடு ஏக்கத்தையும் சேர்த்துக்கொண்டது: ஐந்து ரூபாய்க்கு வைத்தியம் பார்ப்பவர் ஒருபுறம், மருத்துவத்தை வியாபாரமாக்கியவர் மறுபுறம். ஐந்து ரூபாய் மருத்துவர் திரைக்கதையில் மட்டும் இருந்தவரல்ல. வடசென்னை வியாசர்பாடியில் டாக்டர் திருவேங்கடம் இரண்டு ரூபாயில் ஆரம்பித்து, பிறகு ஐந்து ரூபாய்க்குப் பல பத்தாண்டுகள் வைத்தியம் பார்த்தார். 2020 ஆகஸ்டில் அவர் மறைந்த செய்தி கேட்டு அந்தப் பகுதியே துக்கத்தில் ஆழ்ந்தது.

மருத்துவம் பற்றிய நம் பேச்சு நெடுங்காலமாக இந்த இரண்டு உருவங்களுக்கு நடுவே ஊசலாடிக்கொண்டிருக்கிறது. ஒருவர் கைராசிக்காரர், தெய்வம். இன்னொருவர் பணம் பிடுங்கி. எப்படிப் பேசினாலும் விஷயம் மருத்துவரின் குணத்தில் வந்து நின்றுவிடுகிறது. நல்லவர் வாய்த்தால் நோயாளி பிழைத்தார். வாய்க்காவிட்டால் அவர் தலையெழுத்து.

ஆனால் மருத்துவரைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது நாள்தோறும் எத்தனையோ பேர் உணரும் கசப்பு வேறு வகையானது. சொல்ல வந்ததைச் சொல்ல முடியவில்லை, கேட்க நினைத்ததைக் கேட்க முடியவில்லை, கையில் மட்டும் மூன்று சீட்டுகள். இந்தக் கசப்பைத் தருபவர்கள் பெரும்பாலும் கெட்டவர்கள் அல்லர். நன்றாகப் படித்த, நல்லெண்ணம் உள்ள மருத்துவர்களிடமிருந்தும் நோயாளிகள் இப்படித்தான் திரும்புகிறார்கள். குணத்தை வைத்து இதை விளக்க முடியாது. மருத்துவத்தில் எந்த வேலைக்குப் பணம் வருகிறது, எந்த வேலைக்கு வருவதில்லை என்ற கணக்கைப் பார்த்தால்தான் விளங்கும்.

மாவட்டத் தலைநகர் ஒன்றில் மாலை நேரத்தில் நடக்கும் ஒரு கிளினிக்கை எடுத்துக்கொள்ளலாம். காலையில் போன் போட்டு டோக்கன் வாங்கியவர்கள் வராந்தாவிலும் படிக்கட்டிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். நர்ஸ் எடை பார்த்து, பிரஷர் பார்த்து, பழைய பைலின் மேல் எண்களைக் குறித்துவைக்கிறார். தோள்பையோடு இரண்டு மெடிக்கல் ரெப்கள் சுவரோரம் நிற்கிறார்கள். சில நோயாளிகளுக்கு ஒருமுறை அவர்களில் ஒருவர் உள்ளே போய் வருகிறார். அறுபதை நெருங்கும் ஓர் அம்மா, மகளோடு உள்ளே போகிறார். உள்ளே இருப்பவர் ஊரில் நல்ல பெயர் எடுத்த மருத்துவர்.

"என்னம்மா பண்ணுது?"

"நாலஞ்சு நாளா எந்திரிச்சாலே கிறுகிறுன்னு வருது டாக்டர். போன வாரம் எங்க அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தேன், அங்க..."

"சுகர் மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?"

"போடுறேன் டாக்டர். ஆனா அங்க..."

பேனா அதற்குள் ஓடத் தொடங்கிவிட்டது. ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி. "எதுக்கும் தலைக்கு ஒரு ஸ்கேன் பார்த்துடலாம்." ஸ்கேன் சென்டரின் பெயர் அச்சிட்ட சீட்டில், கட்டத்துக்குள் டிக் விழுகிறது. "ரிப்போர்ட்டோட வாங்க." கதவு திறக்கிறது, அடுத்த எண்ணைக் கூப்பிடுகிறார்கள்.

படியிறங்கும்போது அம்மா சொல்கிறார்: "அக்கா ஊர்ல ஒரு டாக்டர் பிரஷருக்கு வேற மாத்திரை குடுத்தாரு. அதையும் சேர்த்துத்தான் போட்டுக்கிட்டிருக்கேன். அதைக் கேக்கணும்னு நெனச்சேன்."

"உள்ள இருக்கும்போது சொல்லியிருக்கலாம்லம்மா?"

"அவருதான் எழுத ஆரம்பிச்சுட்டாரே."

இரண்டு அட்டைகளிலும் கம்பெனிப் பெயர்தான் வேறு. உள்ளே இருக்கும் மருந்து ஒன்றே. பிரஷர் மாத்திரை இரட்டிப்பு அளவில் உடலுக்குள் போனால், படுக்கையிலிருந்து எழும்போது தலை சுற்றத்தான் செய்யும். எந்த ஸ்கேனும் அதைக் காட்டாது. அக்கா வீட்டு விசேஷத்தைப் பற்றி இன்னும் இரண்டு வாக்கியம் பேச விட்டிருந்தால் காரணம் அங்கேயே தெரிந்திருக்கும். அந்த அம்மா ஊர்க்கதை பேச வரவில்லை. தன் நோயின் வரலாற்றைத் தனக்குத் தெரிந்த வரிசையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நோயாளி சொல்வதைக் கேட்பது மரியாதைக்காகச் செய்யும் காரியம் மட்டும் அல்ல, அதுவே முதன்மையான பரிசோதனை என்பதற்கு மருத்துவ ஆய்வுகளில் பழைய சான்று உண்டு. 1975இல் பிரிட்டனில் ஹாம்ப்டன் என்ற மருத்துவரும் சகாக்களும், புறநோயாளிப் பிரிவுக்குப் புதிதாக வந்த 80 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பரிந்துரைக் கடிதத்தைப் படித்து, நோயாளியிடம் பேசி முடித்த கட்டத்திலேயே 66 பேருக்கு நோய் இன்னதென்று முடிவாகிவிட்டது. கடைசிவரை அது மாறவில்லை. உடலைத் தொட்டுப் பார்த்த பின் முடிவு மாறியது 7 பேருக்கு. ஆய்வகச் சோதனைகளால் மாறியது இன்னொரு 7 பேருக்கு. அதற்குப் பிறகு கருவிகள் எவ்வளவோ முன்னேறிவிட்டன. ஆயினும் எந்தக் கருவியை யாருக்குப் பயன்படுத்துவது என்பதை இன்றும் அந்தப் பேச்சுதான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பேச்சுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது? 1984இல் அமெரிக்காவில் பெக்மன், பிராங்கல் இருவரும் 74 சந்திப்புகளைப் பதிவுசெய்து கேட்டார்கள். நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 வினாடியில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார். விட்டால் பேசிக்கொண்டே இருப்பார்கள் என்பது குறுக்கிடுகிறவர்கள் சொல்லும் காரணம். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் நடந்து 2002இல் வெளியான ஆய்வு அதையும் சோதித்துப் பார்த்தது. நோயாளி தானாக நிறுத்தும்வரை மருத்துவர் வாய் திறப்பதில்லை என்று ஏற்பாடு. 335 நோயாளிகள் சராசரியாக 92 வினாடிதான் பேசினார்கள். ஐந்தில் நான்கு பேர் அளவுக்கு இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டியவர்கள் ஏழே பேர். அவர்கள் சொன்னதும் தேவையான விவரம்தான் என்று மருத்துவர்களே கருதினார்கள்.

ஆக, கேட்பது இரண்டு நிமிடக் காரியம். 2017இல் 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்த ஓர் ஆய்வின்படி, முதல்நிலை மருத்துவருடனான முழுச் சந்திப்பும் சுவீடனில் சராசரியாக 22.5 நிமிடம், வங்கதேசத்தில் 48 வினாடி. இந்தியா இரண்டு நிமிடத்தை ஒட்டி நிற்கிறது. வணக்கம் சொல்லி உட்கார்வது, பிரஷர் பட்டையைச் சுற்றுவது, மருந்து எழுதுவது, அதை எப்போது சாப்பிடுவதென்று சொல்வது எல்லாம் அந்த இரண்டு நிமிடத்துக்குள். நோயாளி பேசி முடிக்க மட்டுமே தேவைப்படும் நேரத்தில் இங்கே வைத்தியமே முடிந்துவிடுகிறது.

இப்போது கணக்குக்கு வரலாம். ஒரு மருத்துவரின் கட்டணம் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் இருபது நிமிடம் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் மூன்று பேர், 900 ரூபாய். மூன்று நிமிடமாகக் குறைத்தால் இருபது பேர், 6,000 ரூபாய். கட்டட வாடகை, நர்ஸ் சம்பளம், மின்சாரம் எல்லாம் இரண்டு வகைக்கும் ஒன்றே. கட்டணத்தை ஏற்றிவிடலாமே என்றால், "சும்மா பேசுறதுக்கு ஆயிரமா?" என்று ஊர் கேட்கும். பேச்சுக்குக் காசு கொடுக்கத் தயங்குகிற அதே ஊர், ஸ்கேனுக்குப் பல ஆயிரம் கட்டத் தயங்குவதில்லை. ஸ்கேன் கண்ணுக்குத் தெரிகிறது, படம் கையில் கிடைக்கிறது, சொந்தக்காரர்களிடம் காட்டலாம். பத்து டெஸ்ட் எழுதியவர் கவனமான டாக்டர் என்றும், ஒன்றும் எழுதாமல் அரை மணி நேரம் பேசி அனுப்பியவர் விவரம் போதாதவர் என்றும் பேர் வாங்குவது நம் ஊர்களில் நடக்கிற கதைதான்.

இப்படித்தான் கட்டணம் வாசலாகவும் மற்றவை வருமானமாகவும் மாறின. ஆலோசனைக் கட்டணம் குறைவாக இருக்கும். கீழ்த்தளத்தில் மருந்துக்கடை இருக்கும், பக்கத்திலேயே லேப் இருக்கும். பரிந்துரைக்கும் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு பங்கு, அனுப்பும் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பங்கு என்ற ஏற்பாட்டைத் தொழிலில் 'கட்' என்றே சொல்கிறார்கள். இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள், நோயாளியை அனுப்புவதற்கு எந்த வடிவிலும் கமிஷன் வாங்கவும் கூடாது கொடுக்கவும் கூடாது என்று தெளிவாகத் தடுக்கின்றன. மருந்து நிறுவனங்கள் மருத்துவர்களுக்குத் தரும் பரிசுகளையும் பயணங்களையும் தொழில் செலவாகக் காட்டி வரிச்சலுகை பெற முடியாது என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அபெக்ஸ் லேபரட்டரீஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. அந்தச் செலவு கடைசியில் மருந்தின் விலையில் ஏறி நோயாளியின் தலையில் விழுகிறது என்பதையும் நீதிமன்றம் கவனப்படுத்தியது. விதியும் தீர்ப்பும் வந்த பிறகும், ஒரு மாலைப் பொழுதில் ஒரு கிளினிக்கின் வரவு எங்கிருந்து வருகிறது என்ற கணக்கு பெரிதாக மாறவில்லை.

பெரிய மருத்துவமனையில் இதே கணக்கு இன்னும் துல்லியமாக நடக்கிறது. அங்கே பல மருத்துவர்கள் மாதச் சம்பளக்காரர்கள் அல்லர். ஆரம்பத்தில் சில காலத்துக்கு ஒரு 'மினிமம் கேரண்டி', பிறகு அவரால் வரும் வருமானத்தில் பங்கு. புறநோயாளியாக வந்தவர்களில் எத்தனை பேர் உள்நோயாளி ஆனார்கள் என்பதை நிர்வாகம் மாதாமாதம் பார்க்கும். மருத்துவர்கள் அருண் காத்ரேயும் அபய் சுக்லாவும் நாட்டின் பல பகுதிகளில் 78 மருத்துவர்களைச் சந்தித்து எழுதிய 'டிசென்டிங் டயக்னோசிஸ்' 2016இல் நூலாக வந்தது. தேவையற்ற சோதனைகள், அறுவைகள், மேலிருந்து வரும் இலக்கு பற்றி அதில் பேசியவர்கள் எல்லாரும் தொழிலுக்குள் இருக்கிறவர்கள். குற்றம் சாட்டும் நோயாளிகள் அல்லர். தங்கள் தொழிலின் போக்கு பொறுக்காமல் வாய் திறந்தவர்கள். அந்த நூலைப் படிக்கிறவருக்கு மருத்துவர்கள் மேல் இருக்கும் மதிப்பு குறையாது. மனசாட்சியோடு இருப்பதற்கு அவர்கள் கொடுக்கும் விலை எவ்வளவு என்பது புரியும்.

மருத்துவப் பொருள்களின் கதையை அரசின் பதிவுகளே சொல்கின்றன. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் இதயக் குழாயில் வைக்கும் ஸ்டென்ட்டுக்கு உச்சவரம்பு விதித்தது. மருந்து பூசிய ஸ்டென்ட் அதற்கு முன் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் விற்றுக்கொண்டிருந்தது. புதிய உச்சவரம்பு 29,600 ரூபாய். ஸ்டென்ட் விலை இறங்கியும் மொத்த பில் அதே அளவு இறங்கவில்லை என்ற புகார் விரைவிலேயே எழுந்தது. அடுத்த ஆண்டு அதே ஆணையம் டெல்லி வட்டாரத்தில் நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்தபோது, சில பொருள்களில் லாபம் 1,737 சதவீதம் வரை போயிருந்தது. ஊசி, குழாய், கையுறை போன்ற சில்லறைச் சாமான்கள் தாம் இங்கே பெரும் லாபம் தருபவை. மொத்த ஆர்டர் வேண்டுமென்றால் அட்டையில் விலையைக் கூட்டி அச்சிடு என்று மருத்துவமனைகள் தயாரிப்பாளர்களை நெருக்குவதாகவும் ஆணையம் எழுதியது. அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாயும் வாங்கவில்லை என்று பில் போடுபவர் சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும்.

நேரத்துக்கு விலை இல்லாததன் விளைவை மிகத் தெளிவாகக் காட்டும் இடம் பிரசவ அறை. சுகப்பிரசவம் என்பது காத்திருப்பு. வலி எடுத்ததிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் ஆகலாம், இருபது மணி நேரமும் ஆகலாம். யாராவது பக்கத்தில் இருந்து நாடி பார்க்க வேண்டும், குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்க வேண்டும், பயப்படாதே என்று சொல்ல வேண்டும். அந்த மணி நேரங்கள் எந்தப் பில்லிலும் வருவதில்லை. அறுவை என்றால் ஒரு மணி நேரத்தில் முடிந்தது, நேரத்தை முன்கூட்டியே குறித்துக்கொள்ளலாம், தொகையும் கூடுதல். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019-21இல் நடந்தபோது, தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் அறுவை. தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம். தெலங்கானாவில் தனியாரில் 80 சதவீதத்தைத் தாண்டியது. மக்கள்தொகை அளவில் 10 சதவீதத்துக்கு மேல் அறுவை கூடுவதால் தாய் சேய் மரணம் குறைவதில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு நிலைப்பாடு.

இதில் நின்று யோசிக்க வேண்டிய எண் இன்னொன்று இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் அறுவை 36 சதவீதம். அங்கே பில் இல்லை, பங்கு இல்லை. சிக்கலான பிரசவங்கள் கடைசியில் அங்கேதான் போய்ச் சேர்கின்றன என்பது ஒரு காரணம். ஆனால் காத்திருந்து பார்ப்பதற்கு ஆள் போதாமையும் காரணம். லாபத்தை எடுத்துவிட்டால் மட்டும் நேரம் தானாக வந்துவிடாது.

லாபத்தை எடுத்துவிடும் பாடத்தைத் தமிழ்நாடு மருந்து விஷயத்தில் முன்பே நன்றாகக் கற்றது. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாநிலம் முழுவதற்குமான மருந்துகளை ஒரே இடத்தில் டெண்டர் விட்டு வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறது. ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். தனக்கு ஒதுக்கிய தொகைக்குள் தேவையான மருந்தைக் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போன ஏற்பாடு இது. ஆகவே ஜி.எச்.சில் மாத்திரை கிடைக்கிறது. காலை எட்டு மணிக்கு ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நிற்பவருக்குக் கிடைக்காதது, அந்த மாத்திரை எதற்கு என்று சொல்ல ஒருவருக்கு இருக்க வேண்டிய இரண்டு நிமிடம்.

பொருளியலாளர்கள் ஜிஷ்ணு தாஸ், கார்த்திக் முரளிதரன் உள்ளிட்டோர் மத்தியப் பிரதேசக் கிராமங்களில் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. நோயாளிகளாக நடிக்கப் பயிற்சி பெற்றவர்களை ஒரே மருத்துவரிடம் இரண்டு இடங்களுக்கு அனுப்பினார்கள்: அவர் வேலை பார்க்கும் அரசு நிலையத்துக்கும், அவருடைய சொந்தக் கிளினிக்குக்கும். அதே படிப்பு, அதே மனிதர். ஆனால் சொந்தக் கிளினிக்கில் கூடுதல் நேரம் கொடுத்தார், கூடுதல் கேள்வி கேட்டார், சரியான சிகிச்சை தருவதும் அங்கே அதிகமாக இருந்தது. நோயாளி திரும்பி வர வேண்டும் என்ற எண்ணம் வேலையைத் திருத்துகிறது என்று இதைப் படிக்கலாம். அதே ஆய்வின் இன்னொரு பாதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: தேவையற்ற மருந்து கொடுப்பது இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. தனியார் என்பதோ அரசு என்பதோ மட்டும் விடையாகிவிடவில்லை. எந்த உழைப்புக்கு என்ன பலன் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே அந்த மருத்துவரின் கை நடந்துகொண்டது.

மருத்துவரின் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். தனியார் கல்லூரியில் படித்தவர் தலைமேல் கடன் இருக்கிறது. எம்.பி.பி.எஸ். மட்டும் போதாது என்று மேற்படிப்புக்கு இன்னும் சில ஆண்டுகள் போகின்றன. நிலையான வருமானம் தொடங்கும்போது முப்பதைத் தாண்டிவிடுகிறது. 1995இல் மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நோயாளிக்கு அது பெரும் பாதுகாப்பு. கூடவே, எதையும் விட்டுவிட்டோம் என்று நாளை யாரும் கேட்கக் கூடாது என்ற எச்சரிக்கையில் எழுதப்படும் சோதனைகளும் கூடின. மருத்துவர்களைத் தாக்குவதைத் தடுக்கத் தமிழ்நாடு 2008இலேயே தனிச் சட்டம் இயற்றியது. இருந்தும் 2024 நவம்பரில் கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் பணியில் இருந்த புற்றுநோய் மருத்துவர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டார். அந்த வன்முறைக்கு எந்த நியாயமும் கிடையாது. நம்பிக்கை எவ்வளவு மெலிந்துவிட்டது என்று அந்த வாரம் மருத்துவர்களும் பேசினார்கள், நோயாளிகளும் பேசினார்கள். 2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் நோயாளியிடம் பேசும் முறையும் அறமும் தனிப் பயிற்சியாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. கல்லூரியில் அதைக் கற்றுக்கொண்டு வரும் இளம் மருத்துவர், முதல் வேலையிலேயே ஒரு நோயாளிக்கு மூன்று நிமிடம் என்ற இடத்தில் போய் உட்காருகிறார்.

மருத்துவரின் யோசனைக்கு விலை வைக்க முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. 1980களில் ஹார்வர்டில் வில்லியம் ஷியாவ் தலைமையில் ஒரு குழு, ஒவ்வொரு மருத்துவ வேலைக்கும் ஆகும் நேரம், மன உழைப்பு, அழுத்தம் ஆகியவற்றை அளந்தது. 1992 முதல் அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடு அந்த அளவீட்டின்படி கட்டணம் தரத் தொடங்கியது. நோக்கம், அறுவை செய்பவருக்கும் கேட்டு யோசித்து வழிசொல்பவருக்கும் இடையே இருந்த இடைவெளியைக் குறைப்பது. அளவீடுகளைத் திருத்தப் பரிந்துரைக்கும் குழுவில் சிறப்பு மருத்துவர்களின் கை ஓங்கியிருந்ததால், அந்த இடைவெளி எதிர்பார்த்த அளவு குறையவில்லை. ஆனாலும் ஒன்று நிரூபணமானது: கேட்பதையும் யோசிப்பதையும் அளக்க முடியும், அதற்கு விலை எழுதவும் முடியும்.

இந்தியாவில் காப்பீடு எதிர்த்திசையில் நடக்கிறது. பெரும்பாலான மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தருகின்றன. அதனால்தான், வெளியிலேயே முடித்திருக்கக்கூடிய சோதனைகளுக்காக ஒருவரை ஓரிரவு சேர்த்து வைப்பது வழக்கமாகிவிட்டது. "அட்மிஷன் போட்டா கிளெய்ம் பண்ணிக்கலாம் சார்" என்று சொல்லும் பணியாளர் உண்மையில் நோயாளிக்கு உதவத்தான் பார்க்கிறார். தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் மக்கள் கைக்காசு 2013-14இல் 64.2 சதவீதமாக இருந்து 2021-22இல் 39.4ஆகக் குறைந்திருக்கிறது. அது நல்ல செய்தி. ஆனால் இன்னும் கையிலிருந்து போகும் காசில் பெரும்பங்கு படுக்கைக்கு வெளியே, மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கும் அடிக்கடி போகும் கிளினிக்குக்கும்தான் போகிறது.

நேரத்துக்கு இடம் ஒதுக்கிய முன்மாதிரிகள் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு 1976இல் மதுரையில் பதினொரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஒரே நாளில் ஏராளமான அறுவைகளைச் செய்வதற்குப் பெயர் பெற்றது. அங்கேயும் மருத்துவருக்கு நேரம் குறைவு. ஆனால் நோயாளியோடு பேசும் வேலையை அங்கே யாரும் கைவிடவில்லை, பிரித்துக் கொடுத்தார்கள். கிராமங்களிலிருந்து பள்ளிப்படிப்பு முடித்த பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டாண்டு பயிற்சி தந்து, பார்வை சோதிப்பது முதல் அறுவை பற்றி விளக்கிச் சொல்வது வரை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். எந்த லென்ஸ், எவ்வளவு செலவு, இலவசமாகச் செய்ய வழி உண்டா, வீட்டுக்குப் போய்ச் சொட்டு மருந்தை எப்படி விடுவது என்பதையெல்லாம் நோயாளியின் பேச்சுவழக்கிலேயே எடுத்துச் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார். அவர் சம்பளம் மருத்துவமனையின் கணக்கில் ஏறுகிறது. 1992இல் ஆரோலேப் என்ற சொந்த லென்ஸ் தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கி லென்ஸ் விலையையே பெருமளவு குறைத்ததால், அந்தச் சம்பளத்துக்கு இடம் கிடைத்தது.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இதையே வேறு வகையில் செய்கிறது. ஊரைச் சேர்ந்த பெண் தன்னார்வலர் ஒருவர் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கிறார், சுகர் பார்க்கிறார், மாத்திரை தருகிறார். அந்தத் திட்டத்தின் விளம்பரத்தில் மாத்திரைதான் முன்னால் நிற்கும். ஆனால் திண்ணையில் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, "போன மாசத்து மாத்திரை ஏன் இன்னும் மிச்சமிருக்கு?" என்று ஒருவர் கேட்பதற்கும் அதே அளவு மதிப்பு உண்டு. அக்கா ஊரில் வாங்கிய இரண்டாவது அட்டை அப்படிக் கேட்கிறவரின் கண்ணில்தான் முதலில் படும். இந்த வேலையைச் செய்பவர்கள் வாங்குவது சொற்ப ஊக்கத்தொகை. நேரத்துக்கு விலை வைக்கத் தெரியாத பழக்கம் அரசுக் கணக்கிலும் தொடர்கிறது என்பதற்கு அதுவே சான்று.

நோயாளிகள் இன்றே கேட்டுப் பெறக்கூடியவை சில உண்டு. கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று அதே 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன. மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக எழுத வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அது கடைப்பிடிக்கப்பட்டாலே ஒரே மருந்தை இரண்டு பெயரில் விழுங்கும் ஆபத்து குறையும். என்றாலும் காய்ச்சலோடும் பயத்தோடும் உட்கார்ந்திருப்பவர் விதி எண்ணைச் சொல்லி வாதாட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. கணக்கை மாற்ற வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. எந்த அறுவைக்கு எவ்வளவு, எந்தச் சோதனைக்கு எவ்வளவு என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களுக்கு விலைப்பட்டியல் இருக்கிறது. புதிதாகச் சர்க்கரை நோய் கண்டறியப்பட்டவரோடு உட்கார்ந்து பேசும் முதல் அரை மணி நேரத்துக்கும், ஐந்தாறு மாத்திரை சாப்பிடும் முதியவரின் எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்பி எது தேவை, எது வேண்டாம் என்று பார்ப்பதற்கும், அறுவைக்கு முன் இன்னொரு மருத்துவரிடம் கேட்கும் இரண்டாவது கருத்துக்கும் அந்தப் பட்டியலில் விலை எழுத முடியும். பட்டியலைப் போடுவது அரசு. காலத்துக்குக் காலம் திருத்துவதும் அரசு. புதிய மருத்துவமனைக் கட்டடம் எத்தனை மாடி என்று தேர்தல் அறிக்கையில் எழுதும் கட்சிகளிடம், ஒரு புறநோயாளிக்கு எத்தனை நிமிடம் தருவீர்கள், அதற்கு எத்தனை பேரை வேலைக்கு எடுப்பீர்கள், அந்தத் தொகை பட்ஜெட்டில் எந்தத் தலைப்பில் வரும் என்று மருத்துவர் சங்கங்களும் நோயாளிகளும் சேர்ந்தே கேட்கலாம். இந்த ஒரு கேள்வியில் இரு தரப்புக்கும் சண்டையிட எதுவும் இல்லை.